மூன்றாவது குரல்

"இது என் கிண்ணம் இல்லை. என் கிண்ணத்தோட சட்டையைப் போட்டுக்கிட்டு வேற எவனோ வந்து உக்காந்திருக்கான்."

சொன்னவர் காதுக்காரர். பழம்பொருள் வாங்கி விற்கிற வட்டாரத்தில் அவருக்கு அதுதான் பெயர். திபெத்து மலைப்பக்கத்திலிருந்து வரும் பழைய பாடும் கிண்ணம் எதுவாக இருந்தாலும், அவர் ஒரு முறை தட்டிக் கேட்டு, "பழசுதான்" என்று கையெழுத்துப் போட்டால்தான் வாங்குகிறவர்கள் பையைத் திறப்பார்கள். முப்பது வருடமாக அப்படித்தான்.

கிண்ணம் மேஜை நடுவில், சிவப்புத் துணித் திண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. நல்ல பெரிய தர்பூசணியைப் பாதியாக வெட்டிய அளவு. பொன்னும் பழுப்பும் கலந்த நிறம். உடம்பெல்லாம் சுத்தியல் பட்ட தழும்புகள்.

"எங்க வீட்டுல இருந்தா இந்நேரம் இதுல மாவு பிசைஞ்சிருப்பாங்க" என்றான் ஸ்பீக்கர்.

தனியார் துப்பறிவாளரான மேடம் அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவன் எட்டு வருடமாகப் பழகியவன். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தவனை, ஒரு வழக்கில் சாட்சியாகச் சந்தித்து, "இந்த வாயை வச்சுக்கிட்டு நீ எனக்கு உபயோகப்படுவே" என்று கூட்டிவந்தவர் அவர்தான். நாற்பத்து மூன்று வயதிலும் ஸ்பீக்கருக்கு அந்த வாய் அடங்கவில்லை.

ஆனால் காதுக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "மாவு பிசையறதுல தப்பே இல்லை தம்பி. செஞ்ச காலத்துல பாதிக்கு மேல சாப்பாட்டுக் கிண்ணம்தான். உள்பக்கம் தடவிப் பாரு, வழவழன்னு இருக்கும். எத்தனையோ பேர் வழிச்சுச் சாப்பிட்ட வழவழப்பு. ஏழு உலோகம் கலந்தது, பௌர்ணமியில வார்த்ததுன்னு கடையில கதை விடுவான். செம்பும் வெள்ளீயமும்தான் இருக்கு. அதுவே போதும்."

பேசப் பேச அவர் குரல் இளகியது. கிண்ணத்தைத் தூக்கி இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். விரல்கள் எதுவும் மேலேறிப் பக்கவாட்டில் படாமல், அலுங்காமல் குழந்தையின் தலையைத் தாங்குகிற மாதிரி.

"பழசு வாங்கறவன் முதல்ல விளிம்பைப் பாக்கணும். கட்டையால சுத்திச் சுத்தி ஒரு பக்கம் தேஞ்சிருக்கும். அப்புறம் நிறம், அப்புறம் சுத்தியல் அடி. ஆனா அதெல்லாம் கண்ணு வேலை. கண்ணை ஏமாத்திடலாம். இப்போ மிஷினை வச்சு எந்தத் தழும்பை வேணா போட்டுடறான். காதை ஏமாத்த முடியாது. நல்ல கிண்ணத்துக்கு மூணு குரல் உண்டு. அடியில ஒரு முனகல். நடுவுல ஒண்ணு, ஊஞ்சல் மாதிரி போயிட்டுப் போயிட்டு வரும். அதுக்கெல்லாம் மேல ஒண்ணு, நூல் மாதிரி, இருக்கா இல்லையான்னு சந்தேகப்படற மாதிரி. அதுதான் கிண்ணத்தோட உயிர். என் கிண்ணத்துல அந்த நூல் மத்த கிண்ணம் எல்லாத்தையும் விட மெலிசு. அது இதுல இல்லை. கேளுங்க."

துணி சுற்றிய கட்டையால் பக்கவாட்டில் ஒரு தட்டு.

அறை முழுக்க ஒலி விரிந்தது. ஸ்பீக்கருக்கு நெஞ்செலும்புக்குள் யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. அலை அலையாக வந்து போயிற்று. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்படியே காதோரம் பட்டென்று ஓர் அடி அடித்துக்கொண்டான்.

"கொசு" என்றான் அசடு வழிய.

மேடம் அவன் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை.

அடுக்களையில் தேநீர்க் கெட்டில் வீலென்று கத்தியது. மேடமும் ஸ்பீக்கரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். காதுக்காரர் மட்டும் கிண்ணத்தைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது நாள் இது இந்த வீட்டை விட்டு வெளியே இருந்துச்சு. ஒரே ஒரு இடத்துல. என் மச்சான் கடையில. சொந்த மச்சான் இல்லை, அதுக்கும் மேலன்னு நெனச்சேன். பழம்பொருள் கடைக்காரன். நானும் அவனும் சேர்ந்துதான் மலையேறி இதை வாங்கினோம், பத்தொன்பது வருஷம் முந்தி. படம் எடுக்கணும், புத்தகம் போடறேன்னு கேட்டான். கொடுத்தேன். நேத்துத் திருப்பிக் கொண்டுவந்து வச்சான். இன்னிக்குக் காலையில தட்டினேன்." கிண்ணத்தைத் திண்டின் மேல் வைத்தார். "போன்ல கேட்டேன். வாயே திறக்கலை. பதில் இருந்தாத்தானே!"

"மத்த கிண்ணங்களையும் தட்டிப் பாத்தீங்களா சார்?" மேடம் கேட்டார்.

"அதெல்லாம் அலமாரியில. திறந்தே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. தினமும் காலையில நான் தட்டறது இது ஒண்ணைத்தான்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். புகார் மனு. தட்டச்சு செய்து, தேதி போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுக்குள்ள உண்மையான கிண்ணம் எங்கேன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இல்லேன்னா இவனை உள்ளே வச்சுக் கேட்டுக்கறேன்."

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

வாசல்வரை வந்த அவர் மனைவி, மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைக்கார அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லைம்மா. எனக்கு ஒண்ணுன்னா முதல்ல வந்து நிக்கிறவர்."

"உங்க வீட்டுக்காரர் இந்தக் கிண்ணத்தைப் பழைய நாள்ல படம் எடுத்து வச்சிருக்காரா?"

அந்த அம்மாள் சத்தமில்லாமல் உள்ளே போய் ஓர் உறையோடு வந்தார். வாங்கிய புதிதில் நாலு பக்கமும் திருப்பித் திருப்பி எடுத்த படங்கள்.

மேடம் கிளம்புவதற்கு முன் மறுபடி உள்ளே போய், கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கிண்ணத்தை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார். காரில் ஏறியதும் பழைய படத்தையும் புதிய படத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏதாவது தெரியுதா மேடம்?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

*

கடை நீளமான குகை மாதிரி இருந்தது. நின்றுபோன கடிகாரங்கள், தலையில்லாத மரச்சிற்பங்கள், யாருடையவோ தாத்தா முப்பாட்டன்களின் புகைப்படங்கள். நடுவில், எழுபது வயதுக் கடைக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். காலடியில் சின்னப் பை ஒன்று, எங்கேயோ ஊருக்குக் கிளம்புகிறவர் மாதிரி.

மேடம் தன் அட்டையை நீட்டினார். "சார், நாங்க ஒரு கிண்ணம் விஷயமா..."

"நான்தான் எடுத்தேன்" என்றார் கடைக்காரர்.

ஸ்பீக்கர் வாயைப் பிளந்தான். "மேடம், நான் இன்னும் உக்காரவே இல்லை!"

"எடுத்தேன். மாத்தினேன். அசல் கிண்ணத்தை வெளிநாட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டேன். அவர் போயிட்டார். பேரு தெரியாது. போலிதான் இப்போ அங்கே இருக்கு. எங்கே வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, வர்றேன்." பையைத் தொட்டுக் காட்டினார். "மாத்துத் துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன்."

ஸ்பீக்கருக்கு உற்சாகம் பொங்கியது. இந்தத் தொழிலில் இப்படி வாழைப்பழத்தை உரித்து வாயில் ஊட்டுகிறவர்கள் கிடைப்பது அபூர்வம். ஆனால் மேடத்தின் முகத்தில் சந்தோஷம் இல்லை. கணக்குப் பரீட்சையில் விடை மட்டும் கிடைத்து வழி கிடைக்காதவர் மாதிரி நின்றார்.

"போலியை யாரு செஞ்சு கொடுத்தாங்க?"

"ஒரு... பட்டறையில."

"நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. அடிப்பக்கம் ஒரு நசுங்கல் இருக்கே, நெல்லிக்காய் அளவுக்கு. அதுவும் பட்டறையில செஞ்சதா?"

"அது நான்தான்" என்றார் கடைக்காரர் அவசரமாக. "பழசு மாதிரி தெரியணுமேன்னு நானே தட்டினேன்."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைபேசியை எடுத்து, கிண்ணத்தின் அடிப்பக்கத்துப் படத்தை அவர் முன்னால் வைத்தார்.

"அடிப்பக்கத்துல நசுங்கலே இல்லை சார்."

கடையில் ஒரு கடிகாரம்கூட ஓடவில்லை. வெளியே வண்டிகள் போகிற சத்தம் மட்டும்.

"இது பத்தொன்பது வருஷம் முந்தி எடுத்த படம். இது ஒரு மணி நேரம் முந்தி நான் எடுத்தது." பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "விளிம்புக்குக் கீழே பாருங்க. மூணு அடி சேர்ந்தாப்பல, ஒண்ணு மட்டும் சறுக்கி விழுந்திருக்கு. நூறு அடிக்கு மேல எண்ணிட்டேன். ஒண்ணுகூட மாறலை. அந்தக் காலத்துல எவனோ கை தவறி அடிச்சதைக்கூட ஒன்பது நாள்ல ஒரு பட்டறைக்காரன் அச்சு அசலா அடிக்க முடியும்னா, நான் இந்தத் தொழிலை விட்டுட்டு அவன்கிட்ட வேலைக்குப் போயிடறேன். கிண்ணம் மாறவே இல்லை. களவே போகாத பொருளை எடுத்தேன்னு ஏன் சார் ஒத்துக்கறீங்க?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டின் முனையால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ அந்த மூணாவது குரல்?" ஸ்பீக்கர் கேட்டான். "நூல் மாதிரி... அது இல்லைன்னாரே?"

"நீதான் அதை அடிச்சியே" என்றார் மேடம்.

"நானா?"

"கொசுன்னு காதுல அடிச்சுக்கிட்டியே, உன் கையில கொசு இல்லை. கிண்ணத்தைத் தட்டினதும் உன் காதோரம் மெலிசா ஏதோ ரீங்காரம் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு. அந்த அறையில அது கேக்காத ஆளு ஒரே ஒருத்தர்தான். கெட்டில் கத்தினப்போ யாரு திரும்பலைன்னு யோசி."

ஸ்பீக்கர் யோசித்தான். "காதுக்காரர்" என்றான் மெதுவாக.

கடைக்காரர் எழுந்தார். கடையின் கோடிக்குப் போய், ஒரு திரையை விலக்கினார். பின்னால் ஓர் அலமாரி. தட்டுக்குத் தட்டுக் கிண்ணங்கள். எல்லாம் பழுப்பேறி, பார்வைக்குப் பழசாக.

"இருபத்தாறு" என்றார். "எல்லாம் புதுசு. அச்சுல வார்த்து, மேல கறை ஏத்தினது. ஒவ்வொண்ணுக்கும் 'இருநூறு வருஷம் பழசு'ன்னு அவன் கையெழுத்துப் போட்டிருக்கான், இந்த ரெண்டு வருஷத்துல." ஒன்றை எடுத்துத் தட்டினார். தகரத்தை உரசுகிற மாதிரி ஒரு கிறீச்சல் உச்சியில் நின்றது. ஸ்பீக்கர் பல்லைக் கடித்தான். "கேட்டீங்களா? புதுக் கிண்ணத்துக்கு இந்தக் கிறீச்சல்தான் அடையாளம். அந்தக் கிறீச்சலை எடுத்துட்டுக் கேளுங்க, சொகமாத்தான் இருக்கும். அவனுக்கு அது கேக்கலை. அதனால புதுசெல்லாம் அவன் காதுக்குப் பழசாயிடுச்சு. வாங்கினவங்க ஒவ்வொருத்தரா சந்தேகப்பட்டு வந்தாங்க. அவன் வீட்டு வாசலை மிதிக்கறதுக்கு முன்னாடி நானே போய்த் திருப்பி வாங்கிக்கிட்டேன். என் கடையில நடந்த தப்புன்னு சொல்லிட்டேன்."

"அவருக்குத் தெரியவே தெரியாதா?"

"பேசறது நல்லாக் கேக்குது. மேல் சத்தம் மட்டும்தான் போச்சு. தன் கிண்ணத்தைத் தினமும் தட்டினான் இல்லையா, பத்தொன்பது வருஷப் பழக்கம், இல்லாததை ஞாபகமே நிரப்பிக் கொடுத்துடுச்சு. நான் ஒரு முட்டாள். படம் எடுக்கறேன்னு ஒன்பது நாள் பிரிச்சுட்டேன். விட்டுப்போய்த் திரும்பக் கேட்டப்போதான் அவனுக்கு உண்மை கேட்டிருக்கு."

"காதுக்கு மிஷின் இருக்கே சார்" என்றான் ஸ்பீக்கர். "எங்க பெரியப்பா வச்சிருக்காரு. வேண்டாத பேச்சு வந்தா கழட்டி வச்சுடுவாரு."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை.

"வைக்கலாம். நாலு பேர் பேசறதைக் கேக்கலாம். அந்த நூலை மிஷின்ல கேட்டு, 'இதுதான்'னு அவன் கையெழுத்துப் போடுவானா?" கடைக்காரர் திரையை இழுத்து மூடினார். "அம்மா, எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. கடையையும் மூடிடலாம்னு இருக்கேன். என்னைத் திருடன்னு நாலு பேர் சொன்னா ரெண்டு நாள் வலிக்கும். அவனுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் அவன்கிட்ட என்ன மிச்சம் இருக்கு? பேரே காது. நான் எடுத்தேன்னே இருக்கட்டும். உங்களை என்ன கேட்டுக்கறேன்? சும்மா இருங்கன்னுதானே?"

மேடம் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். "அலமாரியைப் பத்தி என் வாயில இருந்து வராது" என்றார். "அந்த ஒரு வாக்குத்தான் என்னால கொடுக்க முடியும்."

*

காரை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"உண்மையைச் சொன்னா காதுக்காரர் உடைஞ்சு போயிடுவார்" என்றான் ஸ்பீக்கர். "சொல்லலைன்னா கடைக்காரர் உள்ளே போயிடுவார். மூணாவதா ஒரு வழி இல்லையா மேடம்?"

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீங்க தேடினா கிடைக்குமே."

"குத்தவாளி கிடைக்காத கேஸ் பாத்திருக்கேன். குத்தமே நடக்காத கேஸ் இதுதான் முதல். யாரைப் பிடிக்கிறது? வயசைப் பிடிச்சு உள்ளே வைக்க முடியுமா?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்ஸ்பெக்டர் வந்தா அந்த மனுஷன் ஒத்துக்கிட்டுக் கையை நீட்டிடுவாரு. செய்யாத தப்புக்கு ஒருத்தர் ஜெயிலுக்குப் போறதைப் பாத்துக்கிட்டு நிக்க என்னால ஆகாது. வண்டியை எடு."

ஸ்பீக்கர் வழியெல்லாம் ஏதாவது ஒரு வேடிக்கைப் பேச்சுக்காக மண்டையைக் குடைந்துகொண்டு வந்தான். ஒன்றும் அகப்படவில்லை. எட்டு வருடத்தில் அப்படி ஆனதே இல்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. காதுக்காரர் மனுவில் கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்" என்றார் மேடம். "இதோ இருக்கு."

இரண்டு படங்களையும் மேஜைமேல் வைத்து, சறுக்கி விழுந்த அந்த ஒற்றைச் சுத்தியல் அடியை நகத்தால் தொட்டுக் காட்டினார். காதுக்காரர் உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்தார். படத்தைப் பார்த்தார். கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி படத்தை. அவருடைய கண்ணுக்கு ஒன்றும் குறைவில்லை. முப்பது வருடமாக அதை நம்பாமல் இருந்தார், அவ்வளவுதான்.

"அப்போ இது என்னுதுதான்."

"ஆமா சார்."

"அப்போ அந்தக் குரல்?"

அவர் மேடத்தின் முகத்தைப் பார்த்தார். ஸ்பீக்கர் தரையைப் பார்த்தான். கடைசியில் காதுக்காரர் வாசற்படியில் நின்ற மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "டெலிபோன் அடிச்சா நான்தானேங்க வந்து சொல்றேன். ரெண்டு வருஷமா."

"நான் வேலையா இருக்கேன்னு நீ வந்து சொல்றேன்னுல்ல நெனச்சேன்."

"ஆமாங்க. அப்படி நெனச்சுக்கட்டும்னுதான்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு நிமிடத்தில் பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தது. "ரெண்டு வருஷமா நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கிண்ணமெல்லாம்?"

மேடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். வாயைத் திறக்கவில்லை. ஆனால் திறக்காத வாயும் ஒரு பதில்தான் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்தது. காதுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். மனுவை எடுத்து நாலாக மடித்து மனைவியிடம் நீட்டினார்.

"கிழிச்சுடு. இன்ஸ்பெக்டருக்கு வர வேண்டாம்னு சொல்லு. மச்சானை வரச் சொல்லு." கொஞ்சம் யோசித்து, "நான் கூப்பிட்டேன்னு சொல்லாதே. வர மாட்டான். நீ கூப்பிட்டேன்னு சொல்லு" என்றார்.

அந்த அம்மாள் உள்ளே போனார். மேடம் கிளம்புவதற்காக எழுந்தார். செய்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அவர் முகத்தை ஸ்பீக்கர் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை, வழி தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் மாதிரி.

"தம்பி, ஒரு நிமிஷம்." காதுக்காரர் கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தார். "உனக்கு அது கேக்குதா? மேல, மெலிசா?"

பொய் சொல்லலாமா என்று ஸ்பீக்கர் நினைத்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது? "கேக்குது சார்."

"நான் தட்டறேன். அது கேக்கற வரைக்கும் விரலைத் தூக்கி வச்சுக்கோ. நின்னதும் இறக்கிடு."

தட்டினார்.

ஸ்பீக்கர் சுட்டுவிரலைத் தூக்கினான். அடியில் முனகல் எழுந்தது. நடுக்குரல் போய்ப் போய் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த நூல், இப்போது தெளிவாக, அறுந்துவிடுமோ என்று பயமுறுத்திக்கொண்டு நீண்டுகொண்டே போயிற்று. காதுக்காரர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் மெல்ல அசைந்தன, விநாடிகளை எண்ணுகிறார் போலிருந்தது. கண்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பளபளத்தன.

பிறகு அது நின்றது. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

அவர் இன்னும் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் அதை இறக்கவில்லை.